வேணுமா, வேண்டுமா

போன தீபாவளிக்குச் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய எட்டு வயது மகன் தட்டை நீட்டி, "அங்கிள், முறுக்கு வேணுமா?" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "வேணுமா இல்லப்பா, வேண்டுமா" என்று திருத்தினேன். பையன் தட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டான். அதன்பிறகு அன்று முழுக்க அவனிடமிருந்து ஆங்கிலம்தான் வந்தது.

அதோடு விட்டேனா? பெற்றோருக்கும் வகுப்பெடுத்தேன். வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2010இல் 3.3 விழுக்காடு, 2020 கணக்கெடுப்பில் 2.5. நாணயத்தாளில் இருக்கும் தமிழ் நம் வீட்டுக்கூடத்தில் இல்லை என்றேன். எல்லாம் உண்மை. அவர்கள் சுட்ட முறுக்கைத் தின்றுகொண்டே சொன்னேன் என்பதும் உண்மை.

திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் அங் மோ கியோ வரை மனசுக்குள் வழக்காடிக்கொண்டே வந்தேன். அவர்கள் ஒன்று சொல்வார்கள், நான் ஒன்பது சொல்வேன், ஒவ்வொரு முறையும் நானே ஜெயிப்பேன். தாடை இறுகியிருந்தது. ஆனால் உள்ளே ஒரு தித்திப்பு. அந்தத் தித்திப்புதான் என்னைச் சந்தேகப்பட வைத்தது. தமிழ் தேய்கிறதே என்று நிஜமாகவே வருந்துபவனுக்கு எதற்கு இந்தத் தித்திப்பு?

(பள்ளிகளிலேயே பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. ஆக, பையன் சொன்னதில் தப்பே இல்லை. சரி, அது வேறு அவமானம்.)

அதற்காக என்னை நானே திட்டித் தீர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்தவன் மேல் இருந்த பிரம்பு என் மேல் திரும்பும், அவ்வளவுதான். கொஞ்சம் கனிவோடு பார்த்தால் கோபத்துக்கு அடியில் பயம் இருக்கிறது. என் மகளுக்கு நான் அனுப்பும் செய்திகளைத் திறந்து பார்த்தேன். 'சாப்பிட்டியா'வைக்கூட ஆங்கில எழுத்தில்தான் தட்டியிருக்கிறேன். நண்பர் வீட்டில் நான் அதட்டியது யாரை?

பௌத்தத்தில் உபேக்கை என்பார்கள், சமநிலை. அதைப் போலவே வேடம் போட்டு வருவது அக்கறையின்மை என்றும் எச்சரிப்பார்கள். 'யார் எந்த மொழி பேசினால் எனக்கென்ன' என்பது சமநிலை ஆகாது. எனக்குத் தமிழ் வேண்டும், என் கருத்து மாறவில்லை. நான் தமிழில் பேசிக்கொண்டே இருக்கலாம். எதிரில் இருப்பவர் எந்த மொழியில் பதில் சொல்கிறார் என்பது மட்டும் என் கையில் இல்லை. இதை எழுதுவது சுலபம்.

பொங்கலுக்கு மறுபடி அதே வீடு. பையன் கொஞ்சம் தயங்கித்தான் வந்தான். தட்டை நீட்டி, "அங்கிள், இது பாட்டி செஞ்சுச்சு" என்றான்.

செஞ்சுச்சாம்! பாட்டி அஃறிணையா? தொண்டை வரை வந்துவிட்டது. நல்லவேளை, வாய் நிறைய முறுக்கு. தலையை மட்டும் ஆட்டினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டி மாவு பிசைந்த கதையைப் பாதித் தமிழில் சொல்ல ஆரம்பித்தான்.