நைசியாவுக்கு முன்பே இருந்த நம்பிக்கை

'கடவுள் மனிதரானார், நாம் அவர் வாழ்வில் பங்கு பெறுகிறோம் என்பதெல்லாம் கி.பி. 325-இல் ஆயர்கள் கூடிய நைசியா சங்கம் கட்டிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லைங்க. 180 வாக்கிலேயே லியோன் நகர ஆயர் இரனேயு, நம்மைத் தம் நிலைக்கு உயர்த்தவே கிறிஸ்து நம் நிலைக்கு வந்தார் என்று எழுதிவிட்டார். காய்ந்த மாவு தண்ணீர் படாமல் ஒரு உருண்டையாகத் திரளாது. வானிலிருந்து வரும் நீரின்றி நாமும் கிறிஸ்துவில் ஒன்றாக முடியாது என்பதும் அவர் சொன்னதுதான். எனக்கு மிகவும் பிடித்த உவமை. நைசியாவில் எழுந்த தகராறு வேறு: ஆரியுஸ் என்ற குரு சொன்னபடி, மகனாகிய கிறிஸ்து படைக்கப்பட்டவரா என்பது.

அப்புறம், 'நாம் கடவுளாகும்படி அவர் மனிதரானார்' என்ற நான்காம் நூற்றாண்டு ஆயர் அத்தனாசியாரின் வரிக்கு 'எல்லோரும் கடவுள்தான்' என்று பொருள் இல்லை. கிறிஸ்து இயல்பிலேயே மகன், நாம் அருளால் பிள்ளைகள் என்று அத்தனாசியாரே பிரித்துச் சொல்கிறார்.