நார்மன் தாகர்ட்னு ஒரு ஆள்

ஃபைட்டர் பைலட்டா இருந்து டாக்டர் ஆனவங்க கதைய நம்ம ஆளுங்க ஷேர் பண்ணும்போது எப்பவுமே ரெண்டே ரெண்டு விதமாத்தான் பண்றாங்க. ஒண்ணு, "பாருங்க எத்தன டிகிரி, நீங்க என்ன பண்றீங்க?"னு பசங்கள குத்திக் காட்டுறது. இன்னொன்னு, உயிர எடுத்தவர் உயிரக் காப்பாத்த வந்துட்டார்னு கண்ணீர் இசை போடுறது. ரெண்டுமே எனக்கு ஒத்து வரல. அமெரிக்காக்காரர் நார்மன் தாகர்ட் கதைய படிச்சா நான் சொல்றது புரியும்.

1943ல ஃப்ளோரிடால பொறந்தவர். முதல்ல இஞ்சினியரிங், அதுல மாஸ்டர்ஸ். 1966ல மரைன் கோர்ங்குற அமெரிக்கப் படைல சேர்ந்து 1968ல பைலட் ஆகி, வியட்நாம் போய் எஃப்-4 ஃபேண்டம் ஓட்டிருக்கார். 163 காம்பட் மிஷன். அந்த விமானம் கீழ என்ன பண்ணும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால ஹீரோ பில்டப் எனக்கு வேணாம். அதே சமயம் அந்தக் குத்த உணர்ச்சிதான் அவர மெடிசின் பக்கம் தள்ளுச்சுன்னு நாமளா கத கட்டுறதும் அநியாயம். 1971ல, 28 வயசுல, மறுபடியும் படிக்கப் போறார். 1977ல டெக்சாஸ்ல எம்.டி. முடிச்சு சவுத் கரோலினால இன்டர்ன்ஷிப் போயிட்டு இருக்கும்போதே 1978 ஜனவரில நாசா விண்வெளி வீரரா செலக்ட் பண்ணிடுச்சு. அதாவது நம்ம ஊர் அர்த்தத்துல ஸ்டெதாஸ்கோப்ப மாட்டிட்டு ஓபில உக்காந்த டாக்டர்னு பாத்தா அவர் ரொம்பக் கொஞ்ச நாள்தான்.

அப்ப என்னதான் டாக்டர் வேல பாத்தார்னா, இங்கதான் விஷயமே இருக்கு. பைலட்டுங்களுக்கு டாக்டர்னாலே ஆகாது. டாக்டர் ரூமுக்குள்ள போற பைலட் வெளிய வரும்போது ஒண்ணு பழையபடி ஃபிட், இல்ல அன்ஃபிட், அவ்ளோதான், லாபம்னு எதுவுமே கிடையாது, அதனால தலவலி, வாந்தி, தலசுத்தல் எதையும் வாயத் தொறந்து சொல்லவே மாட்டாங்க. விண்வெளிக்குப் போறவங்க பாதிப் பேரு பைலட்டுங்க, இதே பழக்கத்தோடதான் மேல போனாங்க. 1982 நவம்பர்ல நாசாவோட விண்வெளி ஓடம் ஷட்டில், அதோட அஞ்சாவது பயணத்துல ஒருத்தருக்கு வாந்தி வந்ததுல ஸ்பேஸ்வாக்கையே, அதாவது வெளிய போய் மெதந்து வேல பாக்குறதயே, ஒரு நாள் தள்ளி வச்சாங்க (அப்புறம் ஸ்பேஸ்சூட்டும் மக்கர் பண்ணி மொத்தமா கேன்சல்). அதுக்கப்புறம்தான் நாசா முழிச்சுக்கிட்டு அடுத்தடுத்த பயணத்துல ஒரு டாக்டர எக்ஸ்ட்ராவா ஏத்துச்சு. 1983 ஜூன்ல எஸ்டிஎஸ்-7ல, அதாவது ஷட்டிலோட ஏழாவது பயணத்துல, அப்படி ஏறினவர்தான் தாகர்ட். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு போன அதே ஃப்ளைட், அதனால இவர யாருக்கும் ஞாபகம் இல்ல. கூட வர்றவங்க உடம்பு என்ன பண்ணுதுன்னு டெஸ்ட் எடுத்துக்கிட்டே போறது வேல. மறைக்கிற கூட்டத்துல இருந்து வந்தவர், இப்ப கேள்வி கேக்குற பக்கம் நிக்கிறார். ஒரு பைலட் டாக்டர் ஆகுறதுல பெரிய தாண்டல் இதுதான்னு நான் சொல்லுவேன்.

1985ல அவர் போன ஸ்பேஸ்லேப்-3ல (ஷட்டில்ல வச்சு எடுத்துட்டுப் போற ஆய்வுக்கூடம்) ரெண்டு குரங்கும் 24 எலியும் கூட போச்சு. ஒரு குரங்கு சோந்து போய் சாப்பிட மாட்டேன்னு அடம் பிடிக்க, கையால ஊட்டி விட்டுருக்காங்க. கூண்டுல இருந்து புழுக்க வெளிய வந்து கேபின் பூரா மெதந்துச்சு, கமாண்டருக்கு செம கடுப்பு. சரி அத விடுங்க.

முக்கியமானது 1995. மார்ச் 14, பைக்கனூர்ல இருந்து சோயுஸ்ல கெளம்புறார், ரஷ்ய ராக்கெட்ல போன முதல் அமெரிக்கர், வயசு 51. மீர்ங்குற ரஷ்ய விண்வெளி நிலையத்துல 3 பேரு, மத்த ரெண்டு பேரும் ரஷ்யர்கள், டெஜுரோவ், ஸ்ட்ரேகாலோவ். இவர் செய்ய வேண்டிய ஆராய்ச்சிக்கான கருவிங்கள்ல பாதி ஸ்பெக்டர்ங்குற மாட்யூல்ல வரணும், அது லேட்டாகி ஜூன் ஆரம்பத்துலதான் வந்து ஒட்டுச்சு. ரத்தம், சிறுநீர் சாம்பிள் வச்ச ஃப்ரீசர் கெட்டுப் போச்சு. கூட இருந்தவங்க ரெண்டு பேரும் அஞ்சு தடவ ஸ்பேஸ்வாக் வேலைல பிஸி, இவருக்கு அந்த ட்ரெயினிங் இல்ல, உள்ளயே இருக்கணும். சாப்பிடுறத எல்லாம் கணக்கு எழுதணும், அந்த ஆராய்ச்சிக்குன்னு கட்டுப்பாடா சாப்பிட்டதுல எட கிட்டத்தட்ட 8 கிலோ குறைஞ்சுது. எக்சர்சைஸ் பண்ணும்போது எலாஸ்டிக் பட்டை கால்ல இருந்து நழுவி கண்ணுல அடிச்சு, ஸ்டீராய்டு சொட்டு போட்டுத்தான் சரியாச்சு. டாக்டரா போனவர் முழுசா பேஷன்ட் ஆயிட்டார்.

115 நாள் கழிச்சு ஜூலை 7 அன்னைக்கு அட்லாண்டிஸ் ஷட்டில்ல எறங்கினார். அமெரிக்கர்கள்ல அதுவரைக்கும் ஸ்கைலேப்ங்குற பழைய அமெரிக்க விண்வெளி நிலையத்தோட 84 நாள்தான் ரெக்கார்டு. பூ மாலையும் கைதட்டலும் தயாரா இருக்கும்போது "எல்லாம் பிரமாதம்"னு சொல்லிட்டு போயிருக்கலாம், எந்த பைலட்டும் அதான் பண்ணிருப்பார். இவர் அப்படிப் பண்ணல. தனிமையா இருந்துச்சு, தன் மொழில பேச ஆள் இல்லாம சில சமயம் மூணு நாள் வரைக்கும் போச்சு, உருப்படியான வேல இல்லாம இருந்தது கஷ்டமா இருந்துச்சுன்னு வெளிப்படையாவே சொன்னார். சிலருக்கு அது புலம்பலா பட்டுச்சு. எனக்கு என்னவோ அவர் எழுதினதுலயே ரொம்ப நேர்மையான கேஸ் ஷீட் அதுதான்னு தோணுது, அதுவும் தன் உடம்பு, தன் மனசு பத்தி. 1996ல அடுத்துப் போன ஷானன் லூசிட் 188 நாள் நல்லா இருந்துட்டு வந்தாங்க, கூடவே நெறைய புத்தகமும் போச்சு. பாராட்டெல்லாம் அவங்களுக்குப் போச்சு, சரியான ஆளுக்குத்தான். ஆனா முன்னாடி ஒருத்தர் இப்படிப் போட்டு உடைக்கலன்னா என்னென்ன தேவைன்னு கீழ இருக்கறவங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?

அப்புறம் நாசால இருந்து வந்து கிளினிக்கும் போடல, ஆஸ்பத்திரிலயும் சேரல. படிச்ச ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் போய் இஞ்சினியரிங் காலேஜ்ல வாத்தியார் ஆயிட்டார். நம்ம ஊர் பெரியப்பா யாராவது பக்கத்துல இருந்திருந்தா, "அப்ப அந்த டாக்டர் சீட்ட வேற யாருக்காவது விட்டுருக்கலாம்ல"ன்னு கண்டிப்பா கேட்டிருப்பார்.