கிண்டியின் வயது 1978 முதல் இல்லை

அண்ணா பல்கலைக்கழகம் பற்றிய உங்கள் கட்டுரையில் அது 1978-ல் பிறந்ததாக எழுதிவிட்டு நேரே கவுன்சலிங் கதைக்குப் போய்விட்டீர்கள். பல்கலைக்கழகமாக ஆனது அந்த ஆண்டுதான், சரி. ஆனால் அதன் அங்கமான கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794-ல் மைக்கேல் டாப்பிங் தொடங்கிய நில அளவைப் பள்ளி. கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, நிலத்தை அளக்க ஆள் வேண்டியிருந்தது, எட்டுப் பையன்களோடு ஆரம்பித்தார்கள். கிண்டிக்கு வந்தது 1920-ல்தான். இன்றும் சிவில் மாணவர்கள் சர்வே கேம்ப் என்று கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைகிறார்கள். கருவியின் மட்டம் காட்டும் குமிழி நடுவில் நிற்காமல் கால் திருகைத் திருகித் திருகியே பாதி காலை போய்விடும்!

அப்புறம், கல்லூரியின் முதல் மாணவி லலிதாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை. பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் பெண் குழந்தை. அப்பா சுப்பா ராவ் அங்கேயே மின் பொறியியல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசி 1940-ல் மகளைச் சேர்த்துவிட்டார். கல்லூரி முழுக்க ஆண்கள். ஹாஸ்டலில் தனியாக இருப்பது கஷ்டம் என்று மகள் சொன்னதும் பெண்களும் சேரலாம் என விளம்பரம் கொடுத்தார்கள். லீலாம்மா ஜார்ஜும் தெரஸ்யாவும் சிவில் பிரிவுக்கு வந்தார்கள். லலிதா பின்னாளில் பக்ரா நங்கல் அணைக்கான மின் வேலைகளில் பங்கெடுத்தார்.

கல்லூரியின் டெக்கோபெஸ், குருக்ஷேத்ரா விழாக்களுக்கு நாலு படம் போட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்றை எடுத்துவிட்டு இந்த மூவரின் படத்தைப் போடுங்களேன்.