காலி டப்பாவுக்கு ஒரு பஞ்சாயத்து

வேண்டாம் என்று வாசலில் மறுசுழற்சித் தொட்டியில் போட்டு வைத்த காலி டப்பாவை ஒருத்தர் எடுத்துப் போனால், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் வயிறு எரிகிறதோ! "பட்டப்பகல்ல திருட்டு சார்" என்கிறார். இவரோ பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கிழிக்காமல் முழுசாக அதே தொட்டியில் போடுகிற ஆள்.

கடுப்பு என்னவென்றால், அவர் பேச்சிலும் கொஞ்சம் சட்டம் இருக்கிறது. குப்பை என்று வெளியே வைத்தாலே யாரும் தொடலாம் என்று நினைப்போம்; அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 1988-இல், கலிஃபோர்னியா எதிர் கிரீன்வுட் வழக்கில், தெருவோரம் வைத்த குப்பையை வாரண்ட் இல்லாமலே போலீஸ் கிளறலாம் என்றது. ஆனால் அது அந்தரங்கம் பற்றிய தீர்ப்பு. பொருள் யாருக்குச் சொந்தம் என்பது வேறு கேள்வி. அங்கேயே பல ஊர்களில், மறுசுழற்சித் தொட்டியிலிருந்து வெளியாள் எடுத்தால் அபராதம். காரணமும் நியாயம்தான்: காசு தேறுவது அலுமினியத்தில். அதை மட்டும் உருவிக்கொண்டால், கண்ணாடியைச் சுமக்கிற லாரிக்காரருக்கு நஷ்டம்.

இருக்கட்டுமே. தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதைவிட, பழைய அலுமினியத்தை உருக்கினால் ஏறக்குறைய 95 சதவீத ஆற்றல் மிச்சம். யார் கொண்டுபோய்ப் போட்டாலும் கேன் உருகத்தானே போகிறது? நாலு காசுக்காக விடியுமுன் குனிந்து பொறுக்குகிறவரைத் திருடன் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

என் ஆத்திரமெல்லாம் பையைக் கிழிக்கிறவர்கள் மேல்தான். கேனை உருவிவிட்டு, பிசுபிசுத்த ஜாம் பாட்டிலை நடைபாதையில் உருட்டிவிட்டுப் போகிறார்கள். எடுங்க, தாராளமா எடுங்க. முடிச்சை அவிழ்த்து எடுத்துட்டு, திரும்பக் கட்டிட்டுப் போங்கப்பா!