ஏழாவது பாட்டில் வரிகளே இல்லை

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இந்த வருடம் பிப்ரவரியில், இங்கே சிங்கப்பூரில், என் அக்கா மகன் தன் முதல் தமிழ் ராப் ஆல்பத்தை வெளியிட்டான். ஒன்பது பாட்டு, மொத்தம் 34 நிமிடம். வெளியான ஐந்தாவது நிமிடமே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நெருப்புப் படம் நான்கு போட்டு, "தூள் கிளப்பிட்டடா" என்று எழுதியவன் நான்தான். 34 நிமிட ஆல்பம், ஐந்தாவது நிமிடம். கணக்கு இடிக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு முன்பே மற்றவர்கள் போட்டுவிட்டிருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பையன் கேட்டான். "மாமா, ஏழாவது கேட்டீங்களா?"

"அதுதான்டா இருக்கிறதிலேயே பெஸ்ட். அந்த வரிகள்லாம்... எப்படிடா யோசிச்ச?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "ஓகே மாமா" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை ரயிலில் போட்டுக் கேட்டேன். ஏழாவதில் வரிகளே இல்லை. 48 விநாடிதான். லிஃப்ட் கதவு மூடுகிறது, என் அம்மாவின் சாவிக்கொத்து குலுங்குகிறது, கீழே வாய்ட் டெக்கில், அதாவது புளோக்கின் தரைத்தளத் திறந்தவெளியில், யாரோ பந்து தட்டுகிறார்கள். முடிந்தது.

ஈசூனில் ஏறி ஜூரோங் ஈஸ்ட்டில் இறங்குவதற்குள் முழு ஆல்பமும் ஓடிவிடும். தினமும் போகிற வழிதான். இரண்டு நாளில் நான்கு முறை அந்தப் பாதையில் போய் வந்திருக்கிறேன், ஒருமுறைகூட கேட்கத் தோன்றவில்லை. அந்த வெட்கத்தில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு தமிழ் ஆல்பம் வந்தால் அதற்கு இரண்டே வரவேற்புதான். ஒன்று நெருப்புப் படம். இன்னொன்று "இதெல்லாம் தமிழா?" என்ற கேள்வி. இரண்டுக்கும் பாட்டைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பேட்டிகூட கிடைத்துவிடும். 'சாதிக்கும் இளையர்' என்று தலைப்பு வைத்து, எந்தப் பள்ளியில் படித்தார், பெற்றோர் எப்படி ஆதரவு தந்தார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். மூன்றாவது பாட்டு ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அவன் இதை எப்படிச் செய்தான் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையை முடித்துவிட்டு, பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு முன்பிருந்த மாதங்களில் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசு. பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் வாங்கிய மைக். ஸ்டூடியோ என்பது அக்காவின் துணி அலமாரி. கதவைத் திறந்து வைத்து, சேலைகளுக்கு நடுவில் தலையை விட்டுப் பாடுவான். பட்டுச் சேலை எதிரொலியை நன்றாக உறிஞ்சுமாம், அதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மைக்கில் இரைச்சல் ஏறும் என்று ஏர்கானை அணைத்துவிடுவான். நம் ஊர் வெயிலில், மூடிய அறையில், அலமாரிக்குள் தலை. வெளியே வரும்போது நீச்சல் குளத்திலிருந்து எழுந்து வருகிறவன் மாதிரி இருப்பான்.

வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீட்டில் அமைதி என்பது வாங்க முடியாத பொருள். மேல் வீட்டில் டிரில் போடுவார்கள், கீழே கல்யாணம் நடக்கும். இரண்டாவது பாட்டின் கடைசிப் பத்தியை ஒரே மூச்சில் பாட வேண்டும் என்று பத்து முறை முயன்று தோற்று, பதினோராவது முறை சரியாக வந்துகொண்டிருந்தபோது சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. இவன் "அம்மா!" என்று அலறினான். அந்த விசிலும் அலறலும் ஆல்பத்தில் அப்படியே இருக்கின்றன. எடுக்கவில்லை. அடுத்த தாளம் அந்த அலறலின் மேல்தான் விழுகிறது.

அதைக் கேட்டபோது எனக்கு இல்மாட்டிக் ஞாபகம் வந்தது. ராப் கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1994 ஏப்ரலில் நாஸ் வெளியிட்ட முதல் ஆல்பம், அப்போது அவருக்கு வயது 20. முன்னுரையோடு சேர்த்துப் பத்து பாட்டு, ஏறக்குறைய 40 நிமிடம். அவர் வளர்ந்தது நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் என்ற அரசுக் குடியிருப்பு. அட்டையில் சின்ன வயது நாஸின் முகம், அதன் பின்னால் அந்தக் கட்டடங்கள். 'நம்ம புளோக் மாதிரியே இருக்கே' என்றுதான் முதன்முதலில் பார்த்தபோது நினைத்தேன். அங்கிருந்த வறுமையும் துப்பாக்கியும் நமக்குத் தெரியாது, அது வேறு கதை. ஆனால் ஜன்னலில் நின்று கீழே பார்த்துக்கொண்டே எழுதுகிறவனை நமக்கும் தெரியும்.

டிஜே பிரீமியர் இசையமைத்த பாட்டு ஒன்று அதில் உண்டு. தொடக்கத்தில், எப்படி ஆரம்பிப்பதென்றே தெரியவில்லை என்று நாஸ் முணுமுணுப்பது கேட்கும். அடுத்த கணம் பாட ஆரம்பித்துவிடுவார். அந்த முணுமுணுப்பை வெட்டவில்லை. குக்கர் விசிலை வைத்துக்கொள்ள ஒருவனுக்குத் தைரியம் வருகிறதென்றால் அது இந்த மாதிரி இடங்களிலிருந்துதான். பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொபசர், கியூ-டிப், எல்.ஈ.எஸ். என்று ஐந்து பேர் பாட்டுகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள், ஆனாலும் ஒரே தெருவில் நடப்பது போலவே இருக்கும். ஒரு பாட்டின் முடிவில் நாஸின் அப்பா ஓலு டாரா வந்து கார்னெட் என்ற ஊதுகருவியை வாசிப்பார். வீட்டுக்குள்ளிருந்து ஒருவரைக் கூட்டிவந்து மகன் பாட்டை முடித்து வைக்கிறான்.

நான் சொல்ல வந்தது வரவேற்பைப் பற்றி. அந்தக் காலத்தில் 'தி சோர்ஸ்' பத்திரிகை ஆல்பங்களுக்கு மைக் கணக்கில் மதிப்பெண் போடும். ஐந்து மைக் என்பது குதிரைக்கொம்பு. இல்மாட்டிக்குக் கொடுத்தார்கள், விமர்சனம் எழுதியவர் மின்யா ஓ என்ற இளம் பெண். கடையில் என்ன நடந்தது? பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடத்தில் நுழைந்தது, அதன் பிறகு மெதுவாகத்தான் விற்றது. பத்து லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றிதழ் வர 2001 ஆனது. நாஸின் இரண்டாவது ஆல்பம் 1996இல் வந்தபோது நேரே முதலிடத்தில் நுழைந்தது. விமர்சகர்களில் பலர் முகம் சுளித்தார்கள், முதல் ஆல்பத்தின் ஆள் எங்கே என்று கேட்டார்கள். அவர்கள் சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். சண்டை போடுகிறார்கள் என்றால் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் பொறாமை அங்கேதான்.

நம் பக்கம் என்ன? 2006இல் யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' ராப் ஆல்பம் மலேசியாவிலிருந்து வந்தபோது எங்கள் வயதுக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. பெரியவர்கள் "இளையராஜா பாட்டை எடுத்துக் கத்துறானுங்க" என்றதோடு முடித்துக்கொண்டார்கள். 2010இல் 'எந்திரன்' படத்தில் நம் ஊர் ராப் பாடகி லேடி கேஷ் பாடியபோது "நம்ம பொண்ணு ரஹ்மான்கிட்ட பாடிட்டா" என்று மகிழ்ந்தோம், என்ன பாடினார் என்று பேசவில்லை. நம் ஊர் ராப் பாடகர் யங் ராஜா இங்குள்ள முஸ்தஃபா கடையையே பாட்டாக்கியபோதும் பெருமை, பகிர்வு, அவ்வளவுதான். மூன்று முறையும் கை தட்டினோம். காதைக் கொடுத்தோமா தெரியவில்லை.

"இதெல்லாம் தமிழா" கட்சிக்கு ஒரு வார்த்தை. ஒரு நிகழ்ச்சியில் பெரியவர் ஒருவர் என்னிடம் "உங்க மருமகன் பாட்டுல 'லா' போடுறானாமே" என்றார். நம் ஊர்ப் பேச்சில் வாக்கியக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் 'லா'தான். போடுறானாமே! அவரும் கேட்கவில்லை. ஐயா, இங்கே பள்ளிப் பாடத்திட்டமே பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது. ராப்பைப் பேசுகிற வாயால்தான் பாட முடியும், கட்டுரை நோட்டால் முடியாது.

ஆனால் இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்டிருந்தால் அவனுக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! ஆங்கில ராப்பில் வரிக் கடைசியில் சந்தம் பிடிப்பது உழைப்பு. தமிழில் அது இனாம். வந்தேன், நின்றேன், சொன்னேன் என்று வினைமுற்றை அடுக்கினால் இயைபு தானாக வந்துவிடும். ஐந்தாவது பாட்டு முழுக்க இந்த 'ஏன்' வியாதிதான். பதினாறு வரியில் பதினான்கு 'ஏன்' எண்ணினேன். அதே பையன் முதல் பாட்டில் என்ன செய்கிறான் பாருங்கள்:

"பத்தாம் மாடி வீடு
சத்தம் போடும் ரோடு
மொத்தம் ஆறு பேரு
பக்கம் பக்கமா பாய் போடு"

மூன்று வரிக்கு எதுகை, நான்காவதில் எதுகையை விட்டுவிட்டு 'ப'வில் மோனை. வரிக் கடைசியில் வீடு, ரோடு, போடு. அக்கா குடும்பம் முன்பு இருந்த மூவறை வீட்டில் ஆறு பேரும் பாய் விரித்த ராத்திரிகள் எனக்கு நினைவிருக்கின்றன. அந்தக் கடைசி வரியின் 'ப ப பா போ'வில் பாய்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுகிற சத்தமே கேட்கிறது. அவன் தெரிந்து செய்தானா தெரியாமல் செய்தானா என்று கேட்டேன். "எதுகைன்னா உயர்நிலைல படிச்சோமே, அதுவா மாமா?" என்றான். சரி, தெரியாமல்தான் செய்திருக்கிறான். யாராவது சொல்லியிருந்தால் ஐந்தாவது பாட்டிலும் செய்திருப்பான்.

வருமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒருமுறை கேட்டதாகக் கணக்கு. 12 மாதத்தில் 1,000 முறையைத் தாண்டாத பாட்டுக்கு 2024இலிருந்து காசே கிடையாது. அவனுடைய ஒன்பதில் இரண்டுதான் தாண்டியிருக்கின்றன. எங்கள் குடும்பக் குழுவில் மட்டும் 61 பேர். ஆளுக்கு இருபது முறை கேட்டிருந்தாலே ஒன்பதும் தாண்டியிருக்கும். நெருப்புப் படம் போட விரல் ஒன்று போதும் என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டோம்.

சரி, அப்புறம் என்ன செய்தேன்? ஒரு வாரம் போகும்போதும் வரும்போதும் கேட்டேன். குறிப்பெடுத்தேன். சனிக்கிழமை இரவு உட்கார்ந்து நீளமாக ஒரு செய்தி எழுதினேன். மூன்றாவது பாட்டில் கடைசி ஒன்றரை நிமிடம் தேவையில்லை. ஐந்தாவது, மேலே சொன்னது. பேஸ், அந்த அடி ஒலி எல்லாம் கம்பளிக்குள் அடித்த மாதிரி இருக்கிறது, இயர்போனில் மட்டும் கேட்டு மிக்ஸ் செய்தாயா? கடைசிப் பாட்டு பாட்டே இல்லை, நன்றியுரை. என் பெயரும் அதில் வருகிறது, எடுத்துவிடு. இரண்டாவது பாட்டின் குக்கர் இடம் இந்த ஆல்பத்திலேயே உயரமான இடம். ஏழாவதைப் பற்றி நான் சொன்னது பொய், மன்னித்துவிடு.

இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. ஞாயிறு முழுக்க இல்லை. அக்காவிடம் திட்டு வாங்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள் இரவு, "மாமா, காப்பிக் கடைக்கு வர்றீங்களா" என்று ஒரு வரி. போனேன். தே ஹாலியா, இஞ்சி டீதான், வாங்கி வைத்திருந்தான். உட்கார்ந்ததும் "மூணாவது பாட்டுல நீங்க சொல்றது தப்பு" என்று ஆரம்பித்தான். அந்தக் கடைசி ஒன்றரை நிமிடம் ஏன் வேண்டும் என்று மேசையில் தாளம் தட்டிக் காட்டினான். நான் விடவில்லை. அவனும் விடவில்லை. பக்கத்து மேசை அங்கிள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். கடை மூடும் நேரம் ஆனபோது ஐந்தாவது பாட்டை மட்டும் ஒத்துக்கொண்டான், மூன்றாவதில் இன்னும் சண்டைதான்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த ஆல்பத்துக்கு வேலை தொடங்கிவிட்டது. இந்த முறை குக்கர் வேண்டும் என்கிறான், ஆனால் மூன்றாவது விசில் சரியாக எட்டாவது பாரில், அதாவது எட்டாவது தாளச் சுற்றில், விழ வேண்டுமாம்.

"அதுவரைக்கும் அடுப்பை எரியவிட்டா பருப்பு குழைஞ்சிடும்டா" என்றாள் அக்கா, அலமாரியிலிருந்து சேலைகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டே. அடுத்த வாரம் கல்யாணம் ஒன்று இருக்கிறது.