"ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று சொல்லாதீர்கள்

எழும்பூருக்கு வண்டி லேட்டாக வந்ததால் சென்ட்ரலில் அடுத்த வண்டியைத் தவறவிட்ட அந்தத் தாத்தா, பாட்டி வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைவிட அதன் கீழே வந்த கமெண்ட்டுகள்தான் இரண்டு நாளாக மனசை அறுக்கின்றன. "எழும்பூர்லேர்ந்து சென்ட்ரல் ரெண்டு கிலோமீட்டர்தானே, வண்டி மாற ஐம்பது நிமிஷம் போதாதா?"

போதாது. கிலோமீட்டரை விடுங்கள். பெட்டி வாசலிலிருந்து பெட்டி வாசல் வரை எண்ணிப் பாருங்கள்.

இப்போது ஓடும் புதுவகை எல்எச்பி ரயில் பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர். 22 பெட்டி வண்டி அரை கிலோமீட்டரைத் தாண்டும். எழும்பூரில் கோடிப் பெட்டியில் இறங்கினால் அதில் பெரும்பகுதியை மூட்டையோடு நடக்க வேண்டும். அப்புறம் மேம்பாலம் ஏறி இறங்கி புறநகர் நடைமேடை. எக்ஸ்பிரஸ் டிக்கெட் எழும்பூரோடு முடிந்துவிடுவதால் மின்சார ரயிலுக்குத் தனி டிக்கெட், அதற்கு ஒரு வரிசை. அடுத்த நிறுத்தம் பார்க். அங்கே இறங்கி, சுரங்கப்பாதை வழியாகப் பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்தால்தான் சென்ட்ரல். அது வண்டிகள் வந்து முடிகிற நிலையம், கூடத்திலிருந்து நுழைவது நடைமேடையின் ஒரு முனையில். உங்கள் பெட்டி என்ஜின் பக்கம் இருந்தால் மறுபடியும் அரை கிலோமீட்டர். எழுபது வயது முழங்காலுக்கு இது ரெண்டு கிலோமீட்டரா?

"மெட்ரோ இருக்கே" என்பவர்கள் சொல்வது சரிதான். எழும்பூருக்கு அடுத்த மெட்ரோ நிலையமே சென்ட்ரல். லிஃப்ட், நகரும் படிக்கட்டு எல்லாம் உண்டு. பெட்டி, பை வைத்திருப்பவர்களுக்கு நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் விடியலுக்கு முன்பே எழும்பூர் வந்துவிடும் தென்மாவட்ட வண்டிகளுக்கு அது உதவாது, அந்நேரம் மெட்ரோ ஓடத் தொடங்கியிருக்காது. பைகளை ஸ்கேன் செய்யும் வரிசையும் இருக்கிறது.

"ஆட்டோ பிடிக்கலாமே." காலை எட்டரைக்கு அந்தச் சாலையில் ஒருமுறை போய்விட்டு வந்து சொல்லுங்கள்.

"முந்தின வண்டியில் வந்திருக்கணும்." கன்ஃபர்ம் டிக்கெட் கிடைத்த வண்டியில்தானே வர முடியும்?

எங்கள் பெரியம்மா மாதிரி ஊர்ப்பக்கத்து ஆட்களுக்கு மெட்ராஸ் ஸ்டேஷன் என்றால் ஒன்றுதான். அது அறியாமை இல்லை. சென்ட்ரல் 1873இல் மெட்ராஸ் ரயில்வே கட்டியது, எழும்பூர் 1908இல் தென்னிந்திய ரயில்வே கட்டியது. ஒன்று அகலப்பாதை, மற்றது அதைவிடக் குறுகலான மீட்டர்கேஜ் பாதை. இரண்டு கம்பெனி என்பதால் இரண்டு நிலையம். கம்பெனிகளும் போய்விட்டன, மீட்டர்கேஜும் போய்விட்டது. அந்த இடைவெளியை மட்டும் இன்றும் பயணிதான் தலையில் சுமக்கிறார். அவரைப் பார்த்து "படிக்காததுங்க" என்று எழுத எப்படிக் கை வருகிறது?

உங்கள் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடுகிறீர்களா? நடுவில் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். விடியற்காலை என்றால் நான்கு. இரண்டாவது டிக்கெட்டைத் தனியாகப் போடாமல், முதல் டிக்கெட்டோடு சேர்த்து இணைப்புப் பயணமாகப் போடுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்களை இணைக்கும் வசதி இருக்கிறது. இரண்டிலும் பயணி விவரம் ஒன்றாக இருக்க வேண்டும், இரண்டும் கன்ஃபர்ம் அல்லது ஆர்ஏசி (படுக்கை உறுதியாகாமல் உட்கார மட்டும் இடம் கிடைத்தது) ஆக இருக்க வேண்டும். முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் இரண்டாவது டிக்கெட் பணம் ரத்துக் கட்டணம் பிடிக்காமல் திரும்ப வரும். ஆனால் முதல் வண்டி வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள், ஆன்லைன் டிக்கெட் என்றால், டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டாக வேண்டும். கவுன்ட்டர் டிக்கெட் என்றால் அதே நேரத்துக்குள் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

அந்தப் பாட்டி நடைமேடையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது அந்த மூன்று மணி நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சுற்றி நின்று போன் பிடித்தவர்களில் ஒருவராவது குனிந்து "பாட்டி, டிக்கெட்டைக் காட்டுங்க" என்று கேட்டிருக்கலாம்.