கொழுப்பு மட்டும் போதாது
வலசை போகும் சிறு பறவைகள் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டால் கடலைத் தாண்டிவிடலாம் என்று சொல்வது பாதிதான் சரி. பிளாக்போல் வார்ப்ளர் என்ற குருவி சாதாரணமாக 12 கிராம் இருக்கும். வட அமெரிக்கக் கிழக்குக் கரையை விட்டுக் கிளம்பும்போது 20 கிராமைக்கூடத் தாண்டும். பிறகு இரண்டு மூன்று நாள் எங்கும் இறங்காமல் அட்லாண்டிக் மேல் சுமார் 2,500 கிலோமீட்டர். வழியில் தண்ணீருக்கு என்ன செய்யும் என்பது நல்ல கேள்வி. கொழுப்பு எரியும்போதே கொஞ்சம் நீர் உண்டாகும். காற்று வறண்டிருந்தால் அது போதாது. அப்போது தன் தசையையும் குடலையும் ஈரலையுமே கரைக்கும். ஒரே அளவு ஆற்றலுக்கு, கொழுப்பைவிடத் தசைப் புரதம் ஏறக்குறைய ஐந்து மடங்கு நீர் தரும். விலை என்னவென்றால், கரை சேர்ந்ததும் சுருங்கிப்போன குடலால் உடனே வயிறாரத் தின்ன முடியாது. எதிர்க்காற்று வந்தால் இந்தக் கணக்கு மொத்தமும் கெடும், கடலில் உட்கார்ந்து இளைப்பாற இது வாத்தும் அல்ல. அதனால்தான் குளிர்காற்று முகப்பு (நகர்ந்து வரும் குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடந்து, பின்காற்று அடிக்கும் மாலையாகப் பார்த்துக் கிளம்புகிறது.